விளக்குத்தூணில் வாங்கிய பங்களாதேஷ் சட்டை

போன தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தம்பி மகனுக்குச் சட்டை எடுத்தோம். ஊதாவில் சின்னக் கட்டம் போட்டது. போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றும்போது, காலருக்குள் தைத்திருந்த துணிப்பட்டையைப் படித்தவன், "பெரியப்பா, இது பங்களாதேஷ்ல தைச்சதாம். நம்ம நத்தத்துல தைக்க மாட்டாங்களா?" என்று கேட்டான். நத்தம் மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். ரெடிமேட் சட்டைக்குப் பேர்போன ஊர். டாக்காவோ நேர்கோடு போட்டு அளந்தாலே 2,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தாண்டி வந்த சட்டையும் பக்கத்து ஊர்ச் சட்டையும் ஒரே கம்பியில், ஏறக்குறைய ஒரே விலையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்து நான் சொன்னதைக் கேட்டு அவன் இன்னும் குழம்பிப்போனான். பங்களாதேஷில் பருத்தி விளைச்சல் மிகக் குறைவு. இந்தியப் பருத்தி நூலை நிறைய வாங்கும் நாடு அது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரம் முழுக்க ஸ்பின்னிங் மில்கள். ஆக, நம் பக்கத்தில் நூற்ற நூலே கடல் தாண்டிப் போய், துணியாகி, சட்டையாகி, மறுபடி மதுரைக்கே வந்திருக்கவும் கூடும்.

ஒரு பொருளை நம்மாலும் செய்ய முடியும் என்கிறபோது ஏன் வெளியிலிருந்து வாங்குகிறோம்? ஒரு தொழில் ஏன் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குக் குடிபோகிறது? கடையில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவனுக்காக உட்கார்ந்து எழுதியது இது.

பெரியம்மாவின் பூ, அம்மாவின் அப்பளம்

நான் வளர்ந்தது செல்லூரில். பெரியம்மாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு கைத்தொழில் தெரியும்: பூ கட்டுவது, அப்பளம் தேய்ப்பது. பெரியம்மா பூ கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நனைத்த வாழைநாரை விரலில் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, ஒரு சுருக்கு. நாம் ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழம் மடியில் விழுந்திருக்கும். அப்பளத்திலும் அவர் கைதான் வேகம்.

கணக்குக்காக எண்களை முழுதாக வைத்துக்கொள்வோம். பெரியம்மா ஒரு மணி நேரத்தில் 10 முழம் பூ கட்டுவார், அல்லது 100 அப்பளம் தேய்ப்பார். அம்மா அதே நேரத்தில் 4 முழம் கட்டுவார், அல்லது 80 அப்பளம் தேய்ப்பார். இரண்டிலும் பெரியம்மா முந்தி. அப்படியானால் பெரியம்மாவுக்கு அம்மாவோடு வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதில் என்ன லாபம்?

ஆளுக்கு ஆறு மணி நேரம் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். தனித்தனியாக, மூன்று மணி நேரம் பூவுக்கும் மூன்று மணி நேரம் அப்பளத்துக்கும் ஒதுக்கினால் பெரியம்மா 30 முழமும் 300 அப்பளமும் முடிப்பார். அம்மா 12 முழமும் 240 அப்பளமும் முடிப்பார். வீட்டுக்கு மொத்தம் 42 முழம், 540 அப்பளம்.

இப்போது மாற்றிப் பாருங்கள். அம்மா ஆறு மணி நேரமும் அப்பளம் மட்டும்: 480. பெரியம்மா ஐந்து மணி நேரம் பூ, ஒரு மணி நேரம் அப்பளம்: 50 முழம், 100 அப்பளம். மொத்தம் 50 முழம், 580 அப்பளம். யாரும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக உழைக்கவில்லை. ஆனால் எட்டு முழம் பூவும் நாற்பது அப்பளமும் கூடியிருக்கிறது. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். மறுபடி போட்டாலும் அதேதான் வருகிறது.

இதன் சூட்சுமம் வேகத்தில் இல்லை, விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. ஒரு முழம் பூ கட்டும் நேரத்தில் பெரியம்மா இழப்பது 10 அப்பளம். அம்மா இழப்பது 20. அதனால் அம்மா பூ கட்டினால் அது வீட்டுக்கு இரண்டு மடங்கு செலவான பூ. அப்பளத்தில் கதை தலைகீழ். நூறு அப்பளத்துக்காகப் பெரியம்மா 10 முழத்தை இழக்கிறார், அம்மா 5 முழத்தை மட்டும். ஒன்றைச் செய்வதற்காக விட்டுவிடும் இன்னொன்றைப் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள். யாருக்கு எதில் இந்த இழப்பு குறைவோ அதில் அவருக்கு ஒப்பீட்டு நன்மை இருக்கிறது என்பார்கள். எல்லாவற்றிலும் பின்தங்கிய ஆளுக்கும் ஏதோ ஒன்றில் ஒப்பீட்டு நன்மை இருக்கும். ஏழை நாடு பணக்கார நாட்டோடு வணிகம் செய்து பிழைக்க முடியும் என்ற நம்பிக்கையின் அடித்தளமே இதுதான்.

1817இல் இங்கிலாந்தில் டேவிட் ரிக்கார்டோ இதைத் துணியையும் ஒயினையும் வைத்துச் சொன்னார். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஒரு வருட உழைப்பு வேண்டும், ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. அந்தக் கதையில் போர்ச்சுகல்தான் எங்கள் பெரியம்மா. இரண்டிலும் அதுவே கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், ஒயினைச் செய்து விற்று, துணியை இங்கிலாந்திலிருந்து வாங்கினால் இரண்டு நாட்டுக்கும் மிச்சம்.

சரி, கூடுதலாக வந்த பூவையும் அப்பளத்தையும் யார் எடுத்துக்கொள்வது? ஒரு முழத்துக்குப் 10 அப்பளத்துக்கு மேலே கிடைத்தால்தான் பெரியம்மாவுக்குக் கட்டுப்படி. 20க்குக் கீழே கொடுத்தால்தான் அம்மாவுக்குக் கட்டுப்படி. 15 என்று பேசினால் இரண்டு பேருக்கும் நியாயம். 11 என்று முடிந்தால் லாபத்தில் பெரும்பங்கு அம்மாவுக்கு, 19 என்று முடிந்தால் பெரியம்மாவுக்கு. நாடுகள் மேஜையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பேரம் பேசுவது பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான். வணிகத்தால் மொத்தம் கூடும் என்பதைக் கணக்கு காட்டிவிடும். அது சமமாகப் பிரியும் என்று எந்தக் கணக்கும் காட்டவில்லை.

அப்புறம், இந்தக் கணக்குக்குள் ஓசைப்படாமல் ஒரு அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. அம்மா பூவை விட்டுவிட்டு அப்பளத்துக்கு ஒரு நொடியில், ஒரு செலவும் இல்லாமல் மாறிவிட்டார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொழில் ஏன் குடிபோகிறது

பங்களாதேஷ்காரர்களுக்குச் சட்டை தைப்பதில் ஒப்பீட்டு நன்மை பிறவியிலேயே இருந்ததா? இல்லை. 1970களில் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி சணல். 1974இல் பணக்கார நாடுகள் சேர்ந்து, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வரலாம் என்று ஒதுக்கீடு வைத்தன. தென்கொரியா போன்ற நாடுகளின் ஒதுக்கீடு சீக்கிரம் நிரம்பிவிட்டது. அங்கிருந்த டேவூ நிறுவனம், ஒதுக்கீடு தொல்லை இல்லாத நாடாகப் பார்த்து, 1978இல் சிட்டகாங்கைச் சேர்ந்த தேஷ் கார்மென்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. மறு வருடம் தேஷிலிருந்து 130 பேர் கொரியாவின் பூசான் நகருக்குப் போய்த் தையல், வெட்டு, தரம் பார்ப்பது, ஏற்றுமதிக் காகித வேலை என்று எல்லாம் கற்றுத் திரும்பினார்கள். 1987க்குள் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறியிருந்தார்கள். சிலர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள், சிலர் புதிய கம்பெனிகளில் சேர்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை நாடு பங்களாதேஷ். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த 115 பேர்தான். தொழிற்சாலை இடம் மாறும்போது மிஷினைவிடப் பெரிய சரக்கு, கற்றுக்கொண்ட கை.

கூலி குறைவு என்பதும் உண்மை. பங்களாதேஷ் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரில்தான் 12,500 டாகாவாக (அந்த நாட்டு நாணயம்) உயர்ந்தது. ஆனால் கூலி மட்டும் முடிவு செய்வதில்லை. ஓர் ஆளுக்கு ஐந்து மடங்கு சம்பளம், ஆனால் அவர் ஆறு மடங்கு உற்பத்தி செய்கிறார் என்றால் அவர்தான் மலிவு. கரண்ட், சாலை, துறைமுகம், பக்கத்திலேயே கிடைக்கும் பட்டனும் ஜிப்பும், சுங்க வரி எல்லாம் சேர்ந்துதான் ஒரு சட்டையின் அடக்கவிலை. குறைந்த வளர்ச்சி நாடு என்ற முறையில் பங்களாதேஷ் ஆடைகள் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போயின, நம்முடையவை வரி கட்டிப் போயின. 2011இல் இந்தியாவும் பங்களாதேஷ் ஆடைகளுக்கு வரியை நீக்கியது. விளக்குத்தூண் கம்பியில் அந்தச் சட்டை வந்து தொங்க இதுவும் ஒரு காரணம்.

மலிவுக்குப் பின்னால் இருந்த ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தையல் வேலைக்கு வந்த இளம்பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. பாதுகாப்பைக் குறைத்துக் கிடைக்கும் மலிவை ஒப்பீட்டு நன்மை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வரிச் சுவர் என்ன செய்யும் என்பதற்குச் சிவகாசியை விட நல்ல பாடம் வேறு எங்கும் கிடைக்காது. நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊரில் பற்றவைத்த தீக்குச்சி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. 1922இல் அரசு, ஒரு குரோஸ், அதாவது 144 தீப்பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. இரண்டு விளைவுகள் நடந்தன. ஸ்வீடன் கம்பெனி விட்டுப் போகவில்லை. வரிக்கு வெளியே நின்று விற்பதைவிட உள்ளே வந்து செய்வோம் என்று 1923இல் விம்கோவைத் தொடங்கி இங்கேயே தயாரித்தது. அதே நேரத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, வறண்ட கந்தக பூமியில் ஒரு தொழில் நகரத்தையே தொடங்கிவைத்தார்கள். வரியால் தொழில் வளர்ந்தது என்பது உண்மை. அந்த வரியை ஒவ்வொரு தீப்பெட்டி வாங்கியவரும் கட்டினார் என்பதும் உண்மை. நூறு வருடம் கழித்து, 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. கேட்டுக்கொண்டவர்கள் நம் தீப்பெட்டிக்காரர்கள்தான். அன்று ஸ்வீடன் குச்சி, இன்று சீன லைட்டர்.

எதிர்த்திசையில் ஒரு கதை மதுரை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஹார்வி சகோதரர்களின் மில் இங்கே 1890களில் ஓடத் தொடங்கியது. மில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஹார்விபட்டி திருப்பரங்குன்றம் பக்கம் இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. 1974இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய அந்த மதுரா மில்லும், தையல் நூலில் உலகப் புகழ்பெற்ற ஸ்காட்லாந்தின் கோட்ஸ் கம்பெனியும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. கோட்ஸின் தாய் ஊர் பெய்ஸ்லி. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூல் வேலை பார்த்த ஊர். அங்கே கடைசி நூல் மில் 1993இல் மூடியது. அந்த வேலை முழுக்க மதுரைக்கு வந்துவிட்டது என்று சொல்லவில்லை, பல நாடுகளுக்குப் பிரிந்து போனது. ஆனால் ஹார்வி மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த மதுரை வீடுகளைப் போலவே பெய்ஸ்லியிலும் வீடுகள் இருந்திருக்கும். நமக்கு ஒரு தொழில் வந்தால் சந்தோஷப்படுகிறோம். அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை.

இத்தனை இடமாற்றமும் சாத்தியமானதற்கு ஓர் இரும்புப் பெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். தூத்துக்குடி ரோட்டில் போனால் வரிசையாக லாரிகளில் பார்க்கிறோமே, அந்தக் கன்டெய்னர்தான். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 பெட்டிகளை ஒரு கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் ஏற்றியபோது ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 5.83 டாலர் ஆன ஏற்றுக்கூலி, பெட்டியில் 16 சென்டாக இறங்கியது. பல ஆயிரம் சட்டை ஒரே பெட்டியில் வருவதால், ஒரு சட்டைக்குக் கடல் வாடகை சில ரூபாய்தான் விழும். 2,000 கிலோமீட்டர் தூரத்தை நத்தத்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது இந்தப் பெட்டி.

கப்பல் மலிவானதும் ஒரு பொருளை முழுதாக ஒரே இடத்தில் செய்ய வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. 2009இல் சீனாவில் பொருத்தப்பட்ட ஐபோன் ஒன்றின் அடக்கச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் பொருத்திய கூலி 6.50 டாலர். மீதியெல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல இடத்து உதிரி பாகங்களுக்கு. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்துகிறோம் என்று பெருமைப்படும்போது, பெட்டியில் போட்டிருக்கும் விலையில் எத்தனை ரூபாய் இங்கே நிற்கிறது என்று கேட்பதும் அவசியம். உதிரி பாகமும் வடிவமைப்பும் இங்கே வர வர அந்த எண் கூடும்.

எல்லாமும் இப்படி ஊர் மாறாது. முடி வெட்டிக்கொள்ள டாக்காவுக்குப் போக முடியாது. மதுரை மல்லி வாசனைக்கு இந்த மண்ணும் தண்ணீரும் வேண்டும். விடியற்காலை பறித்த மொட்டு மாட்டுத்தாவணி வந்து, விமானம் ஏறி, சிங்கப்பூரில் மலர்வதற்குள் தலையில் ஏற வேண்டும். அதே சமயம், வேறு நாட்டு ஆபீஸ் வேலை கம்பி வழியாக இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களுக்கு வருகிறது. நம் பிள்ளைகள் வாங்கும் அந்தச் சம்பளமும் சேவை ஏற்றுமதிதான்.

ஏற்றுமதி நல்லது, இறக்குமதி கெட்டது என்று ஒரு எண்ணம் பலரிடம் இருக்கிறது. நம் டவுன் பஸ் ஓடும் டீசல் வந்த கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. சாயங்காலம் தள்ளுவண்டியில் பஜ்ஜி பொரிக்கும் பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் டாலர் கொடுக்கத்தான் நூலும் பூவும் சாப்ட்வேரும் விற்கிறோம். அம்மாவுக்குப் பூ வேண்டும் என்பதால்தானே அப்பளம் தேய்த்தார்.

லாபம் ஊருக்கு, நஷ்டம் தெருவுக்கு

இப்போது அந்த அனுமானத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் பூட்டு எல்லோருக்கும் தெரியும். கையால் ராவிச் செய்த மாங்காய்ப் பூட்டு, பெரிய பெரிய கோயில் கதவுக்கெல்லாம் போட்டது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே, மிஷினில் வார்த்த அலிகார் பூட்டு பாதி விலைக்கு வந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. அலிகார் வெளிநாடுகூட இல்லை, உத்தரப் பிரதேசத்து ஊர். பூட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் சில ரூபாய் மிச்சம். பூட்டுக்காரருக்கோ முப்பது வருடம் கற்ற வேலை போயிற்று.

வணிகத்தின் லாபம் கோடிப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. நஷ்டம் ஒரு தெருவில், ஒரு சாதித் தொழிலில், ஒரு வயதுக்காரர்கள் மேல் மொத்தமாக விழுகிறது. பொருளாதார அறிஞர்களும் இதை வெகுநாள் லேசாகவே எடுத்துக்கொண்டார்கள். வேலை போனவர் வேறு வேலைக்கு, வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தார்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவின் பர்னிச்சர், துணி ஊர்களில் என்ன நடந்தது என்று டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹேன்சன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அவர்கள் பங்கெடுத்த கணக்குகளின்படி 1999க்கும் 2011க்கும் இடையில் சீன இறக்குமதியால் போன வேலை 20 லட்சத்துக்கும் மேல். வேலை போனவர்கள் பலர் வேறு ஊருக்கு நகரவே இல்லை. சம்பளம் குறைந்து அங்கேயே கிடந்தார்கள். அந்தக் கோபம் ஓட்டாக மாறி, வரியாக மாறி, 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் 50 சதவீதம் என்று வந்து நின்றபோது, திருப்பூரில் பல ஆர்டர்கள் நின்றன.

இதற்காகக் கதவைச் சாத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சாத்தினால் நத்தத்துச் சட்டையும் வெளியே போகாது. ஆனால் மொத்தத்தில் லாபம் என்றால், அந்த லாபத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து நஷ்டப்பட்ட தெருவுக்குக் கொடுப்பது அரசின் கடமை. அமெரிக்கா 1962இலேயே இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தரும் திட்டம் தொடங்கியது. கிடைத்தவர்கள் குறைவு, 2022இல் அதுவும் நின்றுபோனது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அம்மாவுக்கு மாவு கொடுத்துவந்த அப்பளக் கம்பெனி ஒரு நாள் மிஷின் வாங்கியது. கப்பலில் வந்த போட்டியோ, ஆலையில் வந்த மிஷினோ, வாசலில் வந்து நிற்கும்போது இரண்டும் ஒன்றுதான். அம்மாவுக்கு அப்போது 48 வயது. பெரியம்மா பக்கத்தில் உட்காரவைத்து, நாரைக் கையில் கொடுத்து, இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடம் குழவியைப் பிடித்துக் காய்த்துப்போன விரலில் மொட்டு நழுவிக்கொண்டே இருந்தது. மணிக்கு நான்கு முழம் என்று மேலே எழுதினேனே, அது கணக்குக்காக. உண்மையில் இரண்டைத் தாண்டவில்லை. அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கப் போனார். பாதிக் கூலிதான். அந்த வருடம் அப்பளம் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தது. தெருவில் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம்.